ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மாவுக்கு என்னையே அடையாளம் தெரியல

டாக்டரம்மா பதில்கள் – இந்த மாசம் முழுக்க மயக்க மருந்தும் மூளையும்

போன மாசம் மயக்க ஊசி பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதே விஷயம்தான், அதுலயும் மூளைக்கு என்ன ஆகும்ங்கற பயம்தான். முப்பது வருஷம் மயக்க மருந்து டாக்டரா ஆபரேஷன் தியேட்டர்ல நோயாளியோட தலைமாட்டுல உக்காந்து வேலை பாத்தவ நான், அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்காம இதுக்கே பக்கத்த ஒதுக்கியிருக்கேன்.

டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு 74 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு, முழு மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணாங்க. மறுநாள் சாயங்காலத்துல இருந்து ஒரே உளறல். செத்துப்போன எங்க பாட்டிய கூப்பிடுறாங்க, ட்ரிப்ஸ் ஊசிய புடுங்குறாங்க, என்னைய பாத்து யாருப்பா நீன்னு கேட்டாங்க. நாலு நாள்ல தெளிஞ்சிட்டாங்க, ஆனா ரெண்டு மாசம் ஆகியும் பழைய அம்மா இல்ல. ஏலச்சீட்டு கணக்கெல்லாம் மனசுலயே போடுறவங்க இப்ப தடுமாறுறாங்க. முதுகுல ஊசி போட்டு பண்ணியிருந்தா மூளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. கையெழுத்து போட்டது நான்தான். தப்பு பண்ணிட்டேனா? – ஒரு மகன், தேனி

இல்ல தம்பி, நீங்க தப்பு பண்ணல. இத முதல்ல சொல்லிட்டு மத்தத சொல்றேன், ஏன்னா உங்க கடிதத்த படிக்கும்போது அம்மா நெலமைய விட அந்த கையெழுத்துதான் உங்கள ரொம்ப அரிக்குதுன்னு தெரிஞ்சுது.

சொந்தக்காரங்க சொல்ற அதே சந்தேகம் எங்க ஆளுங்களுக்கும் ரொம்ப நாளா இருந்துச்சு. அதனாலதான் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இடுப்பு முறிஞ்சு வந்த 1,600 பேர எடுத்து, யாருக்கு முதுகுல ஊசி யாருக்கு முழு மயக்கம்னு சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சு பாத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த மாதிரி குழம்பிப் போனவங்க ரெண்டு பக்கமும் நூத்துக்கு சுமார் 20 பேர். முதுகுல ஊசி போட்டவங்கள்ல 20.5, முழு மயக்கத்துல 19.7, அவ்வளவுதான் வித்தியாசம், அதாவது வித்தியாசமே இல்ல. சீனாவுல 65 வயசுக்கு மேல 950 பேர வெச்சு இதே மாதிரி பண்ணி 2022ல வந்த ஆராய்ச்சியும் இதையேதான் சொல்லுச்சு. நீங்க எந்த வகை மயக்கத்துக்கு கையெழுத்து போட்டிருந்தாலும் இது வர்ற வாய்ப்பு ஒண்ணுதான்.

அப்ப எதனாலதான் வந்துச்சுன்னு கேப்பீங்க. இதுக்கு நாங்க டெலிரியம்னு சொல்வோம். எலும்பு முறிஞ்ச நிமிஷத்துல இருந்தே உடம்புல ஒரு பெரிய அழற்சி ஆரம்பிச்சிடுது, அடிபட்ட எடத்துல இருந்து கெளம்புற ரசாயனங்க ரத்தத்துல போய் மூளையில காவலுக்கு இருக்கற செல்களையும் உசுப்பி விட்டுடும். அதோட வலி, ராத்திரி தூக்கம் இல்ல, ஆபரேஷனுக்காக பட்டினி, தண்ணி சத்து கொறைவு, யூரின் ட்யூப், வலிக்கு போடற பலமான மருந்து, கண்ணாடி வீட்டுல இருக்கு, பழக்கமில்லாத கூரை, விடிய விடிய எரியற ட்யூப்லைட். நம்ம வயசுல இத்தனையும் ஒண்ணா வந்தா நாம எரிச்சல் படுவோம், 74 வயசு மூளைக்கு அவ்வளவு கையிருப்பு இல்ல, அது தடம் மாறிடுது. மயக்க மருந்தும் இதுல ஒரு பங்குதான், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா வரிசையில நிக்கறவங்கள்ல அது ஒண்ணு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, உங்கம்மா கத்துனாங்க, ட்ரிப்ஸ புடுங்குனாங்க, அதனால எல்லாரும் கவனிச்சீங்க. இதே டெலிரியம் சத்தமே இல்லாமயும் வரும். செவுத்தையே பாத்துக்கிட்டு, கூப்பிட்டா மெதுவா திரும்பி, சாப்பாடு வேண்டாம்னு படுத்திருப்பாங்க. பெரியவங்க அசதியில தூங்குறாங்கன்னு நெனச்சு விட்டுருவோம். எனக்கு பயமே அந்த அமைதியான வகைதான், அதுக்குள்ள நிமோனியாவோ சோடியம் எறங்குனதோ ஒளிஞ்சிருந்தா யாருக்கும் தெரியாமயே போயிடும். ஆபரேஷன் ஆன பெரியவங்க திடீர்னு ரொம்ப அமைதியாயிட்டா நர்ஸ கூப்பிட்டு சொல்லணும், வீட்ல இருக்கறவங்கதான் சொல்ல முடியும், அவங்களுக்குத்தான் அம்மா எப்பவும் எப்படி இருப்பாங்கன்னு தெரியும்.

இப்ப அந்த ஏலச்சீட்டு கணக்கு. இது டெலிரியத்துல இருந்து கொஞ்சம் வேற விஷயம். 1998ல பல நாட்டு ஆஸ்பத்திரிங்க சேந்து, பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 60 வயசுக்கு மேற்பட்ட 1,218 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஞாபகசக்தி, கவனம் எல்லாம் சோதிச்சு பாத்தாங்க. ஒரு வாரத்துல நாலுல ஒருத்தருக்கு மந்தம் இருந்துச்சு. மூணு மாசத்துல அது பத்துல ஒருத்தரா கொறஞ்சிருச்சு. ஆபரேஷனே பண்ணாத அதே வயசுக்காரங்கள்ல அந்த அளவு நூத்துக்கு மூணு பேருக்குள்ளதான். அதாவது உங்க கண்ணுக்கு தெரியறது கற்பனை இல்ல, நெசமாவே நடக்கற ஒண்ணு, ஆனா பெரும்பாலானவங்களுக்கு கலைஞ்சு போயிடுது. உங்களுக்கு ரெண்டு மாசம்தான் ஆகியிருக்கு.

சும்மா காத்திருக்க வேண்டாம். பி12, தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின் ஒரு தடவை பாத்துடுங்க. காது சரியா கேக்குதான்னு பாருங்க, காது கேக்காதவங்கள ஞாபக மறதின்னு எழுதி வெச்சிடறது ரொம்ப சகஜம். தூங்கறதுக்கு மாத்திரை ஏதாவது ஓடிட்டு இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு மெதுவா நிறுத்த முடியுமான்னு பாருங்க. சின்ன சின்ன கணக்க அவங்ககிட்டயே குடுங்க, பிடுங்கிக்காதீங்க. ஆறு மாசத்துக்கு அப்புறமும் இன்னும் கீழ எறங்கிட்டே போனா நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டணும், ஏன்னா சில பேருக்கு உள்ளுக்குள்ள ஏற்கனவே ஆரம்பிச்சிருந்த மறதி நோய் ஆபரேஷன் சமயத்துலதான் வெளிய தெரியும். வீட்டுல எல்லாரும் அன்னைக்கு ஆபரேஷன் பண்ணதாலதான்னு சொல்வாங்க, வருஷக்கணக்கா அது மெதுவா வந்துட்டு இருந்திருக்கும். டென்மார்க்ல எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைப் பிறவிகள வெச்சு 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருக்கும் பண்ணிக்காத கூடப் பொறந்தவருக்கும் மூளைத் திறன்ல சொல்லும்படியான வித்தியாசமே இல்ல.

இத படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு. 1999ல அமெரிக்காவுல யேல் ஆஸ்பத்திரியில ஷேரன் இனோயேன்னு ஒரு டாக்டர், 70 வயசுக்கு மேல வார்டுல சேந்த 852 பேர்கிட்ட மருந்தே இல்லாம ஒரு வழி பண்ணி பாத்தாங்க. இது ஆபரேஷன் வார்டு இல்ல, பொது மருத்துவ வார்டு, ஆனா பாடம் ஒண்ணுதான். கண்ணாடிய போட்டு விடறது, காது மெஷின குடுக்கறது, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லிட்டே இருக்கறது, எழுப்பி நடக்க விடறது, தண்ணி குடிக்க வெக்கறது, தூக்க மாத்திரைக்கு பதிலா வெதுவெதுன்னு பால், முதுகத் தடவி விடறது. டெலிரியம் 15 சதவீதத்துல இருந்து 9.9க்கு எறங்குச்சு. இதுல எதுக்காவது டாக்டர் பட்டம் வேணுமா சொல்லுங்க? நம்ம ஊர்ல நோயாளி கூட அட்டெண்டர்னு ஒருத்தர் எப்பவும் இருக்கோம், இத்தனையும் நம்ம கையில இருக்கு. ஆனா நாம செய்யறது என்னன்னா ராத்திரி பத்து மணிக்கு பதினஞ்சு பேர் பழத்தோட வந்து கட்டில சுத்தி நிக்கறோம். அத மட்டும் மாத்திக்கிட்டா போதும், தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல, ராத்திரி லைட் கம்மியா, கண்ணாடியும் பல்செட்டும் கைக்கு எட்டற தூரத்துல.

முழு மயக்கம்னா தூக்கம்தானா? மூளை ஆஃப் ஆயிடுமா? பயாலஜி சார்கிட்ட கேட்டேன், உங்ககிட்ட எழுதிக் கேக்கச் சொன்னாரு. – பிளஸ் டூ மாணவன், கும்பகோணம்

ரெண்டுமே இல்ல கண்ணு. தூங்கறவன கிள்ளுனா முழிச்சிடுவான். மயக்கத்துல இருக்கறவர் வயித்த கிழிச்சாலும் அசைய மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க நோயாளிகிட்ட கொஞ்ச நேரம் தூங்க வெக்கப் போறேன்னு சொல்றது தைரியத்துக்காக. எமரி ப்ரவுன்னு ஒரு மயக்கவியல் டாக்டர், இன்னும் ரெண்டு பேரோட சேந்து 2010ல எழுதுன கட்டுரையில, இது திருப்பி எடுக்கக் கூடிய கோமான்னு தெளிவா எழுதினார். கேக்க பயமா இருக்கும், ஆனா அதுதான் நெசம், அதனாலதான் மூச்சு, பிரஷர், ஆக்சிஜன் எல்லாத்தையும் நொடிக்கு நொடி ஒருத்தர் உக்காந்து பாத்துட்டே இருக்கணும்.

எப்படி வேலை செய்யுதுங்கறத புரிஞ்சுக்க ரொம்ப காலம் ஆச்சு. பாஸ்டன்ல 1846 அக்டோபர் 16ஆம் தேதி மார்ட்டன்ங்கற பல் டாக்டர் ஈதர் குடுத்து, கழுத்துல கட்டி இருந்த ஒருத்தருக்கு வாரன்ங்கற சர்ஜன் எல்லார் முன்னாடியும் ஆபரேஷன் பண்ணாரு. அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் கழிச்சுதான் மேயர், ஓவர்டன்னு ரெண்டு பேர் தனித்தனியா ஒரு விஷயத்த கவனிச்சாங்க, ஆலிவ் எண்ணெயில எவ்வளவு சுலபமா கரையுதோ அவ்வளவு பலமான மயக்க மருந்து. சரி, நரம்பு செல்லோட கொழுப்புச் சுவர்லதான் வேலை நடக்குதுன்னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. 1984ல ஃப்ராங்க்ஸ், லீப்னு ரெண்டு பேர் கொழுப்பே இல்லாத ஒரு புரதத்து மேலயும் இது வேலை செய்யுதுன்னு காட்டுனாங்க, அதுல இருந்து பார்வை புரதங்க பக்கம் திரும்புச்சு.

இன்னைக்கு நாங்க அதிகமா போடறது புரொபோஃபால், பால் மாதிரி வெள்ளையா இருக்கும், சோயா எண்ணெயில கலந்தது. நரம்பு செல்ல அடக்கி வெக்கற காபாங்கற ரசாயனத்துக்கு செல்லு மேல ஒரு வாங்கி (ரிசெப்டார்) இருக்கு, அத இது இன்னும் பலமா வேலை செய்ய வெக்கும். அப்ப மூளையில என்ன நடக்குதுன்னு, மூளையோட மின் அலைகள கோடா வரையற இ.இ.ஜி.ல பாத்தா ஆச்சரியமா இருக்கும், கோடு படுத்துடாது, அதுக்கு பதிலா பெரிய பெரிய மெதுவான அலைங்க ஒரே தாளத்துல வரும். கல்யாண மண்டபத்த நெனச்சுக்கோ. ஒரு மூலையில வரதட்சணை பேச்சு, ஒரு மூலையில அரசியல், பின்னால சமையல்காரர் சத்தம், எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது. திடீர்னு கெட்டி மேளம். யாரும் எந்திரிச்சு போகல, மண்டபம் காலி ஆகல, ஆனா யார் பேசறதும் யாருக்கும் கேக்காது. மயக்கத்துல மூளை அந்த மாதிரிதான் இருக்கு, செல்லுங்க உயிரோட துடிச்சிட்டு இருக்கு, ஒரு பகுதி பேசறது இன்னொரு பகுதிக்கு போய் சேரல. மேளத்த நிறுத்துனதும் பேச்சு திரும்ப ஆரம்பிக்குது. மருந்த ரொம்ப அதிகமாக்குனா மட்டும்தான் கோடு கொஞ்ச நேரம் படுத்து, எந்திரிச்சு, படுத்துன்னு போகும், அந்த ஆழத்துக்கு நாங்க தேவையில்லாம போக மாட்டோம், வயசானவங்களுக்கு மருந்த கொறைக்கறதும் அதுக்குத்தான்.

கெட்டமின்னு இன்னொரு மருந்து இருக்கு, அது இந்த வழியிலயே போகாது, வேற ஒரு வாங்கிய அடைக்கும். கண்ணு தொறந்தே இருக்கும், ஆள் மட்டும் இங்க இருக்க மாட்டார், முழிக்கும்போது பறந்தேன் மெதந்தேன்னு சொல்வாங்க.

நேரம் போனதே தெரியாதுங்கறதும் மெய்தான். முழிச்சதும் எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்கன்னு எத்தனையோ பேர் என்னைய கேட்டிருக்காங்க. நியூசிலாந்துல தேனீக்களுக்கு பகல்ல ஆறு மணி நேரம் மயக்க வாயு குடுத்து விட்டு பாத்தாங்க, முழிச்சதும் சூரியன தப்பா கணக்கு போட்டு வேற திசையில பறந்துச்சாம், அதோட உள் கடிகாரமே பின் தங்கிப் போச்சு. உனக்கு வீட்டுப் பக்கத்துலயே இன்னொரு அதிசயம் இருக்கு, தொட்டாச்சிணுங்கி. பிரான்ஸ்ல க்ளோத் பெர்னார்ட்ங்கற விஞ்ஞானி 1870கள்ல அதுக்கு ஈதர் ஆவி காட்டினாரு, தொட்டா சுருங்கல, ஆவி போனதும் பழையபடி சுருங்குச்சு. மூளையே இல்லாத செடிக்கும் இது வேலை செய்யுது பாத்தியா, அதனாலதான் முழு ரகசியமும் இன்னும் எங்க கைக்கு வரல. உங்க சாருக்கு என் நன்றிய சொல்லு.

என் பையனுக்கு எட்டு மாசம், குடலிறக்கம் இருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. மயக்கம் குடுத்தா படிப்பு வராதுன்னு மாமியார் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒரு வயசு வரைக்கும் தள்ளிப் போடலாமா? – ஒரு அம்மா, நாகப்பட்டினம்

தள்ளாதீங்கம்மா. குடல் எறங்கி சிக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு போய் அது அவசர ஆபரேஷன் ஆயிடும், அதோட ஆபத்து ரொம்ப பெருசு.

உங்க மாமியார் பயத்துக்கும் ஒரு அடிப்படை இருக்கு, அவங்கள கோச்சுக்காதீங்க. 2003ல எலிக் குட்டிங்களுக்கு பல மணி நேரம் மயக்க மருந்துங்கள கலந்து குடுத்து பாத்தப்போ, வளர்ற மூளையில செல்லுங்க செத்துப் போனது தெரிஞ்சுது. அப்ப எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் குழந்தைங்கள வெச்சே பொறுமையா வருஷக்கணக்குல பாத்தாங்க. ஏழு நாட்டுல 722 கைக்குழந்தைங்க, எல்லாம் இதே குடலிறக்க ஆபரேஷன், பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு முழிச்சிருக்கும்போதே முதுகு வழியா மரத்துப் போற ஊசி. அஞ்சு வயசு ஆனதும் புத்திக் கூர்மை சோதிச்சா ரெண்டு கூட்டமும் ஒண்ணு, 2019ல வெளியாச்சு. அமெரிக்காவுல மூணு வயசுக்குள்ள மயக்கம் குடுத்த குழந்தையையும் குடுக்காத கூடப் பொறந்ததையும் ஜோடி ஜோடியா, 105 ஜோடி, வெச்சுப் பாத்ததுலயும் வித்தியாசம் இல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 டிசம்பர்ல எச்சரிக்கை குடுத்தது மூணு வயசுக்குள்ள மூணு மணி நேரத்துக்கு மேல, இல்ல திரும்பத் திரும்ப குடுக்கறதுக்கு. உங்க பையனுக்கு அவ்வளவு நேரமெல்லாம் ஆகாது. மாமியாரையும் கூட்டிட்டுப் போய் மயக்க மருந்து டாக்டர நேர்ல பாத்து பேச வைங்க.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன், முழிச்சதும் சில குழந்தைங்க உங்கள அடையாளம் தெரியாத மாதிரி வீறிட்டு அழும், ஒடம்ப வளைக்கும். ரெண்டு மூணு வயசுக் குழந்தைங்ககிட்ட இன்னும் அதிகமா பாக்கலாம். மருந்து தெளியறப்போ வர்றது, அரை மணி நேரத்துக்குள்ள அடங்கிடும், மாமியார் அத பாத்து பயந்துடாம இருக்கணும்.

ரெண்டு சிசேரியன், ரெண்டு தடவையும் முதுகுல ஊசி. அதுல இருந்து எத எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்ல. ஊசியாலதான்னு எல்லாரும் சொல்றாங்க. – வாசகி, ஈரோடு

அந்த ஊசி மூளைக்கு போறதில்லம்மா. தண்டுவடம் முடியற எடத்துக்கும் கீழ போடறோம், இடுப்புக்குக் கீழ சில மணி நேரம் மரத்துப் போகும், அப்புறம் உடம்பு அத கரைச்சு வெளிய தள்ளிடும். சில பேருக்கு ஊசி போட்ட ஓரிரு நாள்ல எந்திரிச்சு உக்காந்தா தலைவலி வரும், அது ஊசியாலதான், சரியாகக் கூடியது. ஆனா வருஷக்கணக்கான மறதிக்கு ஊசிய சொல்லாதீங்க. ரெண்டு குழந்தைங்களோட எத்தனை ராத்திரி நீங்க முழுசா தூங்கியிருக்கீங்கன்னு யாராவது கேட்டாங்களா? ரத்த சோகையும் தைராய்டும் பாருங்க. மனசு பாரமா, எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா அதையும் டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு மறதி ரூபத்துலயும் வரலாம். ஊசி மேல பழிய போட்டுட்டா இத யாரும் தேட மாட்டாங்க, எனக்கு வருத்தமே அதுதான்.

ஆபரேஷன் நடுவுல முழிப்பு வந்துட்டா? மயக்கத்துல ரகசியத்த எல்லாம் உளறிடுவோமா? – வாசகர், சிவகாசி

உளற மாட்டீங்க, முழு மயக்கத்துல வாய்க்குள்ள ட்யூப் இருக்கும், பேச்சும் வராது நெனப்பும் வராது. தெளியும்போது ரெண்டு வார்த்தை சொல்வீங்க, பெரும்பாலும் தண்ணி கேப்பீங்க.

முழிப்பு வர்றது அபூர்வம், ஆனா உண்டு. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் நாடு முழுக்க கணக்கெடுத்து 2014ல வெளியிட்டாங்க, நோயாளிங்க தானா வந்து சொன்னது சுமார் 19,000 பேர்ல ஒருத்தர். முழு மயக்கத்துல நடந்த சிசேரியன்ல மட்டும் 670ல ஒருத்தர், குழந்தைக்காக மருந்த கம்மியா வெக்கறது, அவசரம்னு பல காரணம் சேருது. பெரும்பாலும் தசைய தளர்த்தற மருந்து குடுத்த நோயாளிங்ககிட்டதான் இது நடந்துச்சு, முழிச்சாலும் விரல கூட அசைச்சு காட்ட முடியாது. உங்களுக்கு முன்னாடி எப்பவாவது அப்படி ஞாபகம் இருந்தா அத கெட்ட கனவுன்னு ஒதுக்காதீங்க, அடுத்த ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டாயம் சொல்லுங்க. நெத்தியில பட்டை ஒட்டி மயக்கத்தோட ஆழத்த பாக்கற மெஷின் இருக்கு, அத போட்டுக்கலாமான்னு கேளுங்க.

எனக்கு 52 வயசு, பித்தப்பை ஆபரேஷன் வருது. தெனம் ராத்திரி குடிப்பேன், வீட்டுக்கு பாதி அளவுதான் தெரியும். மயக்க மருந்து டாக்டர்கிட்ட சொல்லணுமா? – பெயர், ஊர் வேண்டாம்

சொல்லணும். கட்டாயம் சொல்லணும். சாராயமும் மயக்க மருந்து மாதிரியே நரம்பு செல்ல அடக்கி வெக்கும், தெனம் குடிக்கிற மூளை அதுக்கு பழகிப் போயிருக்கும், மருந்து அளவே மாறும். அத விட பெரிய விஷயம், ஆஸ்பத்திரியில படுத்ததும் குடி சட்டுனு நிக்குது, ரெண்டாவது மூணாவது நாள்ல கை நடுக்கம், வேர்வை, இல்லாத ஆள் கண்ணுக்கு தெரியறது, வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. வார்டுல இருக்கறவங்க அத மயக்க மருந்தோட வேலைன்னு நெனச்சு நேரத்த விட்டுடுவாங்க. முன்னாடியே தெரிஞ்சா தடுக்க மருந்து இருக்கு. எத்தனை வருஷமா, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியா எப்போ, இந்த மூணையும் பாதியாக்காம சொல்லுங்க. தூக்க மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது எடுத்தா அதையும் சேத்து சொல்லுங்க. நாளைக்கே நிறுத்திடறேன்னு நீங்களா வீட்டுல நிறுத்தாதீங்க, எப்படி கொறைக்கறதுன்னு அவர் சொல்வார். ஆபரேஷனுக்கு முன்னாடி பரிசோதனைக்கு கூப்பிடுவாங்க இல்ல, அப்ப வீட்டுக்காரம்மா கூட இருந்தா, டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்னு கேளுங்க. நாங்க காரணம் கேக்காம அவங்கள வெளிய உக்கார வெச்சிடுவோம்.